நாற்பத்து நான்காவது விடுப்புக் கடிதம்

ஜனவரி 31, செவ்வாய்

இன்றோடு பணி நிறைவு. முப்பத்து நான்கு வருடம். மாலை நான்கு மணிக்குக் கூட்ட அறையில் விழா. சந்தன மாலை, பொன்னாடை மூன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. லட்டு, மிக்சர், காபி. எல்லாருக்கும் நடப்பதுதான்.

எல்லாருக்கும் நடக்காத ஒன்றும் நடந்தது. எங்கள் கண்காணிப்பாளர் குழந்தைவேலு வாழ்த்துரைக்கு எழுந்தார். கையில் நாடா போட்டுக் கட்டிய தாள்கட்டு. எனக்கு ஏதோ கவிதை எழுதி வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஐயா, என் மனைவிக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் இன்று ஒரு நாள் மட்டும் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

என் விடுப்புக் கடிதம். அடுத்த தாளைப் புரட்டினார். அதுவும் அதே கடிதம், தேதி மட்டும் வேறு. அடுத்ததும் அப்படியே. ஐந்தாவது கடிதத்தில் அறை புரிந்துகொண்டது. பத்தாவதில் எல்லாருமாகச் சேர்ந்து "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று கடிதங்கள். பெரிய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மாலை போட்டு உட்கார வைத்த பிறகு வேறென்ன செய்வது?

முடித்ததும் அந்தக் கட்டை நினைவுப் பரிசு என்று என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது எண்ணினேன். நாற்பத்து மூன்றுதான். நாற்பத்து நான்காவது இல்லை. அதைப் படித்திருந்தால் அந்த அறையில் ஒருவன் சிரித்திருக்க மாட்டான். அதனால்தான் ஒளித்துவிட்டார்.

அவருக்குப் பணி நிறைவு மே 31. இன்னும் நான்கு மாதம். அன்றைக்கு வாழ்த்துரை நான் பேசுவேன்.

பிப்ரவரி 2, வியாழன்

பூங்கொடி ஓசூரிலிருந்து போன் செய்தாள். என் மகள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. விழா எப்படி நடந்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"அம்மா ஒடம்பு சரியில்லேங்கறதெப் படிச்சுச் சிரிச்சாங்களா?"

"ஆமா."

"அந்தாளுதானே படிச்சது?"

அவள் குழந்தைவேலுவைப் பெயர் சொல்வதில்லை. ஐந்து வருடமாக 'அந்தாளு'தான். 2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. என் மனைவி தெய்வானைக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்கியது. காலையில் லீவு போடச் சொன்னாள். பத்து மணிக்குக் கடிதம் எழுதிக் குழந்தைவேலுவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்து, செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "இது நாப்பத்தி நாலுங்களா?" என்றார். கையெழுத்துப் போடாமல் மேசை ஓரத்தில் வைத்தார். நான் சீட்டுக்குத் திரும்பினேன். மூன்று மணிக்குத் தெய்வானை போய்விட்டாள். பக்கத்தில் ஆள் இல்லை.

லீவு தராமல் கொன்றுவிட்டார் என்று இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அழுதேன். குழந்தைவேலு மாலையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மேடையில பேசுனாக் காத்துல போயிருங்ப்பா. எழுதுங்க. நாலு பேரு படிக்கற எடத்துல எழுதுங்க. நா பிளாக் ஒண்ணு ஆரம்பிச்சுத் தாரேன்" என்றாள் பூங்கொடி.

பிப்ரவரி 5, ஞாயிறு

பிளாக் தயார். பூங்கொடி போனில் சொல்லச் சொல்ல நான் பொத்தானை அமுக்கினேன். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். பெயர் 'விடுப்பு விண்ணப்பம்'. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முதல் பதிவை எழுதி வெளியிட்டேன். முப்பத்து நான்கு வருடம் வரைவு எழுதிய கை. இதில் என்ன கஷ்டம்?

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 6, திங்கள்

பார்வையாளர் மூன்று பேர். அதில் இரண்டு நான்.

பூங்கொடி போன் செய்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "என்னுங்ப்பா இது, 'பொருள்: கண்காணிப்பாளரின் மனிதாபிமானமற்ற போக்கு தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. கடைசில 'இணைப்பு: ஏதுமில்லை'ன்னு வேற இருக்குது."

இணைப்பு இல்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டும். அதுதான் முறை. அவளிடம் சொல்லவில்லை. பதிவை நீக்கினேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இரண்டாவது பதிவு. பொருள், பார்வை எதுவும் போடவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். குழந்தைவேலு ஒரு கொடியவர், கல்நெஞ்சர், பிறர் துன்பத்தில் மகிழ்பவர் என்று ஒன்பது பத்தி. எழுதும்போது கை சூடாக இருந்தது. மறுபடி படித்தால் வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் ஆபீசுக்கு வரும் மொட்டைப் பெட்டிஷன் மாதிரியே இருக்கிறது. அவற்றை வாங்கி 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. யாரும் இரண்டாவது பத்திக்கு மேல் படித்ததில்லை.

இதையும் நீக்கினேன். எனக்கு எழுத வராது. வயிறு எரிந்தால் மட்டும் எழுத்து வந்துவிடுமா?

பிப்ரவரி 19, ஞாயிறு

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். இன்று முறை. குடம் நிறையும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்தக் கடிதக் கட்டைப் பிரித்தேன். 2009 ஆகஸ்டில் ஒரு கடிதம். மனைவிக்கு உடல்நலம் சரியில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்குத் தெய்வானை கல் மாதிரி இருந்தாள். நான் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனேன். கரும்புச் சாறு குடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குதிரை பார்த்தேன். ஒரு குதிரை என் சட்டைக் கையைக் கடித்து இழுத்தது. வீட்டில் ஆபீஸ் பீரோவில் மாட்டிக் கிழிந்தது என்று சொன்னேன்.

எழுதிப் பார்த்தேன். முதலில் கடிதம், அப்படியே. அதன் கீழ் 'உண்மைக் காரணம்'. அதன் கீழ் 'அன்றைய தினம்'. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குடம் வழிந்து வாசல் வரை தண்ணீர் ஓடியிருந்தது.

பிப்ரவரி 21, செவ்வாய்

நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருக்கிறார்கள். நான் எண்ணிக்கையில் சேரவில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பூங்கொடி சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

வழி தெரிந்துவிட்டது. முதலில் சிரிக்க வைக்க வேண்டும். குழந்தைவேலு எப்படிச் சிரிக்க வைத்தாரோ அதேபோல, அதே கடிதங்களை வைத்து. ஊர் முழுக்க வந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது நாற்பத்து நான்காவதை எடுக்க வேண்டும். சிரிப்பு அப்படியே தொண்டையில் நிற்க வேண்டும். மே 31, மாலை நான்கு மணி.

மார்ச் 4, சனி

மூன்று பதிவு போட்டுவிட்டேன். கொடிவேரி அணையில் குளித்துவிட்டு வறுத்த மீன் சாப்பிட்ட நாள். மைத்துனன் வீட்டு நிச்சயதார்த்தத்திலிருந்து தப்பிக்க லீவு போட்டு, வீட்டில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி, ஈரோடு வரை போய்ச் சும்மா திரும்பி வந்த நாள். எழுதுவது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. 'ஆகவே', 'எனவே', 'மேலும்' மூன்றையும் எடுத்துவிட்டால் பாதி சரியாகிவிடுகிறது.

இன்று கடைத்தெருவில் மாவு மில்காரர் நிறுத்தி, "ஏனுங் சார், அந்தக் குதரெ நெசமாலுமே கடிச்சுதுங்களா?" என்றார். எனக்கு இன்று முழுக்கச் சோறு தேவைப்படவில்லை.

மார்ச் 9, வியாழன்

குதிரைப் பதிவின் கீழ் ஒரு கருத்து வந்திருக்கிறது.

"படித்தேன். வருணனை நன்று. குதிரையின் நிறம் குறிப்பிடப்படவில்லை. பரிசீலிக்கவும். நா. குழந்தைவேலு."

செல்லைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். முப்பது வருடம் என் வரைவுகளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியது போதாதா? இங்கேயும் வந்துவிட்டாரா?

பூங்கொடி அந்தக் கருத்தை அழிக்கச் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். தன் பணி நிறைவு நாளுக்கான கத்தியைத் தானே கூர் தீட்டிக் கொடுக்கிறார். தீட்டட்டும்.

மார்ச் 10, வெள்ளி

வெள்ளைக் குதிரை. நெற்றியில் செம்பட்டை. சேர்த்துவிட்டேன். பதிவு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

இன்றைக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பார்வையாளர் ஆயிரத்தைத் தாண்டியது எப்படி என்று மைதிலியிடம் கேட்டேன். மைதிலி ஆபீசில் பதிவறை எழுத்தர். நல்ல பெண். "உங்களுக்குத் தெரியாதுங்களா சார்? சூப்ரண்டு சார்தானுங்க ஒவ்வொரு பதிவையும் ஆபீஸ் குரூப்புல போடறாரு. எல்லா ஜில்லாவுக்கும் போகுதுங்க" என்றாள்.

என் வாசகர்கள் என் எதிரி கூட்டி வந்தவர்கள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்லதுதான். கூட்டத்தை அவரே கூட்டட்டும். கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பது மாதிரிச் சேர்க்கட்டும். சாப்பாடு என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 7, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. ரேஷன் கடைக்குப் போனேன். மன்றத்துத் தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம் மிச்சம். நான் சுற்றித்தான் போவேன். ஐந்து வருடமாக அப்படித்தான்.

பன்னிரண்டு கடிதம் எழுதி முடித்தாகிவிட்டது. மீதி முப்பத்தொன்றையும் இன்று மேசையில் பரப்பிப் பார்த்தேன். அவற்றில் எழுத ஒன்றும் இல்லை. முப்பத்தொரு நாளும் ஒரே இடம்தான். அந்த இடத்தைப் பற்றி எழுதுவதாக இல்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. பூங்கொடி வந்தாள். பாயசம் வைத்தாள். அவள் அம்மா படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, "இருங்கம்மா, இன்னும் ஒண்ணரை மாசந்தான்" என்று படத்திடம் சொன்னாள். நான் துண்டை உலர்த்தப் போனேன்.

சாப்பிடும்போது சொன்னாள். "நாப்பத்தி நாலாவதுல கடிதத்தோட போட்டோவையும் போடோணுங்ப்பா. இல்லேன்னா அந்தாளு இல்லேன்னு சாதிச்சிருவான். கையெழுத்து இல்லாத கடிதம், அது ஒண்ணு போதும்."

"அது எங்கே இருக்கிறதோ" என்றேன்.

"மைதிலியக்காவெக் கேளுங்க."

ஏப்ரல் 18, செவ்வாய்

மைதிலியைக் கேட்கவில்லை. பூங்கொடியே கேட்டுவிட்டாள். மதியம் மைதிலியிடமிருந்து படம் வந்தது. குழந்தைவேலுவின் மேசை இழுப்பறையில், அவருடைய சொந்தக் கோப்பில் தனியாக இருந்ததாம்.

படம் மங்கலாக இருக்கிறது. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 19, புதன்

மறுபடி பார்த்தேன். மங்கல்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

பூங்கொடி படத்தை அனுப்பச் சொல்கிறாள். அவள் கம்பெனியில் படத்தைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறதாம். அனுப்பப் போகும்போது கை தவறி அழிந்துவிட்டது. மைதிலியைத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு வேலைக்கே ஆபத்து என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

இன்றைக்கு வெயில் அதிகம். மோர் மட்டும் குடித்தேன்.

மே 6, சனி

மைதிலி போன். மே 31 விழாவில் வாழ்த்துரைக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்களாம். போடச் சொன்னது யார் என்று கேட்டேன். "சூப்ரண்டு சாரேதானுங்க. அவரு வரோணும், அவரு பேசோணும்னு சொன்னாருங்க."

தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

மே 21, ஞாயிறு

நாற்பத்து நான்காவது கடிதத்தின் பதிவை எழுதிவிட்டேன். இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு வசைச் சொல் கிடையாது. கடிதம், அதன் கீழ் தெய்வானையின் மூச்சுச் சத்தம், பத்து மணி, குழந்தைவேலுவின் சிரிப்பு, மேசை ஓரம், மூன்று மணி. படிக்கிறவன் குழந்தைவேலுவின் சட்டையைப் பிடிக்க எழுந்துவிடுவான். பிப்ரவரியில் 'கொடியவர், கல்நெஞ்சர்' என்று எழுதிய ஆளா நான்?

31ஆம் தேதி மாலை நாலரைக்குத் தானாக வெளியாகும்படி நேரம் வைத்துவிட்டேன். நான் மேடையில் படித்து முடிக்கும்போது அத்தனை செல்லிலும் வந்து விழும்.

பூங்கொடி படித்துவிட்டு அழுதாள். பிறகு, "அன்றைய தினம் எங்கீங்ப்பா?" என்றாள்.

"என்ன?"

"எல்லாப் பதிவுலயும் மூணாவதா 'அன்றைய தினம்'னு ஒண்ணு வருமே. இதுல கடிதம் இருக்குது, உண்மைக் காரணம் இருக்குது. அது இல்லே."

ஆபீசில்தானே இருந்தேன், அதில் எழுத என்ன இருக்கிறது என்றேன். "ஒரு வரியாச்சும் போடுங்க. இல்லேன்னா மொட்டையா நிக்குது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 24, புதன்

'அன்றைய தினம் அலுவலகத்தில் கழிந்தது.' எழுதினேன். அழித்தேன். எழுதினேன். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 30, செவ்வாய்

பூங்கொடி வந்துவிட்டாள். கம்பெனியில் லீவுக்கு என்ன காரணம் எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"நெசத்தத்தான் எழுதுனேன். அப்பா மேடையேறிப் பேசறாங்கன்னு."

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அந்தாள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்றாள். அவள் அம்மாவுக்கு இருந்ததுபோலவே இவளுக்கும் பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறுகிறது.

மே 31, புதன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மூன்றே முக்காலுக்குப் போனோம். கூட்டம் எனக்கு வந்ததைப்போல இரண்டு பங்கு. பாதிப்பேர் என்னைப் பார்த்து, "பிளாக் சார் வந்துட்டாரு" என்றார்கள். பூங்கொடி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நான் முகம் கழுவ வராண்டாக் குழாய்க்குப் போனேன். குழந்தைவேலு அங்கே மாலை போடுவதற்கு முன்னால் கை கழுவிக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை.

நான்தான் கேட்டேன். "ஜனவரியில் ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "போன வருசம் பஸ் ஸ்டாண்டுல, எஞ் சம்சாரம் பக்கத்துல நிக்கறப்பவே, உங்க பொண்ணு என்னெப் பாத்துக் காறித் துப்பிப்போட்டுப் போச்சுங்க. நா என்ன பண்ணுனேன்னு சம்சாரம் கேட்டா. சொல்ல முடியலே. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், ஒரு நா உங்களையும் நாலு பேரு முன்னால நிறுத்தோணும்னு. நிறுத்துனேன். நாப்பத்தி மூணோட நிறுத்திக்கிட்டேன். அந்தக் கடைசிக் கடிதத்தெ எடுக்கக் கை வரலீங்."

நான் சட்டைக் கையை மடித்தேன்.

"இன்னைக்கு அதெத்தான் படிக்கப் போறீங்கன்னு தெரியும். படிங்க. அஞ்சு வருசம் கேட்டுக்கிட்டேன், இன்னைக்கும் கேட்டுக்கறேன். நா ஒண்ணும் மறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குழாயை மூடாமல் போய்விட்டார். நான் மூடினேன். அப்போது எனக்கு வந்த கோபம் ஜனவரியில்கூட வந்ததில்லை. மறுக்க மாட்டாராம். கேட்டுக்கொள்வாராம். என் தலைமேல் உட்கார்ந்து பெரிய மனுஷனாகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறார். என் மகள் முன்னால், என் மேடையில். அந்த வாய்ப்பை மட்டும் அந்த ஆளுக்குத் தரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேடையேறினேன். வேறு எந்த நல்லெண்ணமும் எனக்கு இருந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மைக்கைப் பிடித்ததும், "ஐயா, என் மனைவிக்கு" என்று ஆரம்பித்தேன். அறை முழுக்கச் சிரித்தது. "இது நாற்பத்து நான்கு" என்றேன். தேதியைச் சொன்னேன். பழைய ஆட்கள் அடங்கினார்கள். எழுதி வந்த இரண்டு பாகத்தையும் படித்தேன். சிரிப்பு தொண்டையில் நிற்கும் என்று நினைத்தேனே, அப்படியே நின்றது. எல்லாரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவர் மாலையோடு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். பூங்கொடி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாக நான் கேட்டதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அன்றைய தினம்" என்றேன்.

"பதினொன்று ஐந்துக்குக் கண்காணிப்பாளர் என் சீட்டுக்கே வந்தார். கடிதத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். 'விளையாட்டுக்குச் சிரித்தேன், வீட்டுக்குப் போங்க சென்னியப்பன்' என்றார். நான் படி இறங்கினேன். கேட்டில் இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு, இருபது நிமிடத்தில் வீடு. வலது பக்கம் திரும்பினால் மனமகிழ் மன்றம். லீவு கிடைத்தால் என் கால் வலது பக்கம்தான் திரும்பும். முப்பத்தொரு தடவை திரும்பிய கால். ஒரு ஆட்டம் சீட்டு ஆடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மன்றத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்றே காலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆபீசுக்குப் போன் செய்தபோது எடுத்தவர் கண்காணிப்பாளர். நான் எங்கே இருப்பேன் என்று ஊகித்து ஆள் அனுப்பியவரும் அவர்தான். ஆள் வந்து கூப்பிட்டபோது என் கையில் நல்ல சீட்டு இருந்தது. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை. நாலரை ஆகியிருந்தது. அங்கங்கே செல்கள் ஒலித்தன. குழந்தைவேலுவின் மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதல் வரிசையில் பூங்கொடி இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

குழந்தைவேலு ஏற்புரையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். என் பெயரையும் மற்றவர்களோடு சேர்த்துச் சொன்னார்.

ஜூன் 1, வியாழன்

பூங்கொடி நேற்றே போய்விட்டாள். அவள் பையைக் காணவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மேடையில் சொன்னதை மூன்றாவது பாகமாகப் பதிவில் சேர்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஜூன் 2, வெள்ளி

எடுக்கவில்லை.

ஜூன் 3, சனி

நாலாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். கண்டபடி திட்டியிருக்கிறார்கள். எல்லாம் 'கொடியவன், கல்நெஞ்சன்' வகைதான். எழுதத் தெரியாதவர்கள். அவற்றின் நடுவில் ஒன்று: "படித்தேன். திருத்தம் ஏதுமில்லை. நா. குழந்தைவேலு."

பழிக்குப் பழி முடிந்தது. யாருடைய பழி என்றுதான் கணக்குச் சரியாக வரவில்லை. தண்ணீர் முறை இன்று. பிடித்து வைத்தேன்.

ஜூன் 5, திங்கள்

காலையில் பூங்கொடியிடமிருந்து ஒரு செய்தி. அப்பா என்று இல்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று இல்லை. ஒரே வரி.

"காலைல கெளம்பறப்ப அம்மா என்ன சொன்னாங்க? அது பதிவுல இல்லே."

அவளும் நல்ல வாசகிதான். எங்கே இடம் விட்டிருக்கிறேன் என்று சரியாகக் கை வைத்துவிட்டாள். மத்தியானம் வரை செல்லைத் தொடவில்லை. நான் நாற்பத்து மூன்று தடவை என்ன காரணம் எழுதினேன், எங்கே போனேன் என்று தெய்வானைக்குத் தெரியாது என்றே இத்தனை நாளும் எல்லாரிடமும் காட்டி வந்தேன். குதிரை கிழித்த சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். பீரோ கிழித்தால் அப்படிக் கிழியாது என்று தெரியாதவளா?

அன்றைக்குக் காலையில் கட்டிலில் சாய்ந்தபடி, டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் சொன்னதை மூன்று மணிக்குப் பூங்கொடிக்கு அடித்து அனுப்பினேன். எழுதியதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

"எம் பேரெச் சொல்லி எத்தனையோ லீவு போட்டுட்டீங்க. இந்த ஒரு தடவெ எனக்கோசரம் போடுங்க."